ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசுக் கட்டிடங்களுக்கான வடிவமைப்பு நெறிமுறைகள்

ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசுக் கட்டிடங்களுக்கான வடிவமைப்பு நெறிமுறைகள் என்பன, அந்நாட்டு நடுவண் அரசு தனது பயன்பாட்டுக்காகக் கட்டும் அலுவலகங்கள், நீதிமன்றங்கள், எல்லைச் சாவடிகள் முதலியன எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வரையறுக்கும் சட்டங்கள், குடியரசுத் தலைவர் ஆணைகள், துறைசார் கையேடுகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். இக்கட்டிடங்களுக்கான முதன்மைப் பொறுப்பு 1949 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட பொதுச் சேவைகள் நிர்வாகத்தைச் சார்ந்தது. படைத்துறைக் கட்டிடங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள், 1971 முதல் தனி அமைப்பாக இயங்கும் அஞ்சல் சேவையின் கட்டிடங்கள் என்பன வேறு அமைப்புக்களின் பொறுப்பில் உள்ளன.

இந்நெறிமுறைகள் பல தடவைகள் மாற்றம் பெற்றுள்ளன. இம்மாற்றங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கட்டிடத்தைப் பயன்படுத்துவோரின் உயிரையும் உரிமையையும் காப்பதற்காக ஏற்பட்டவை. இரண்டாம் வகை, அரசுக் கட்டிடம் எத்தகைய தோற்றம் கொண்டிருக்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்பவை பற்றியவை. முதல் வகை மாற்றங்கள் பெரும்பாலும் நிலைத்து நின்று ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்துள்ளன. இரண்டாம் வகை மாற்றங்கள் ஆட்சிகள் மாறும்போது மாறிவந்துள்ளன.

தொடக்க காலம்

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் நிலப்பரப்பு விரைவாக விரிவடைந்தது. துறைமுகங்களில் சுங்கச் சாவடிகளும் நகரங்களில் நீதிமன்றங்களும் அஞ்சல் அலுவலகங்களும் தேவைப்பட்டன. இவற்றைக் கட்டுவதற்காக 1852 ஆம் ஆண்டில் கருவூலத் துறையின் கீழ் ஒரு கட்டுமான அலுவலகம் நிறுவப்பட்டது. இதன் கட்டிடக்கலைஞரான அம்மி யங், ஒரே மாதிரியான வரைபடங்களைச் சிறு மாற்றங்களுடன் பல நகரங்களில் பயன்படுத்தினார். தீயினால் அழிவு ஏற்படாதிருக்க இரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் இவர் கையாண்டார். அரசுக் கட்டிடங்களுக்குப் பொதுவான தரம் ஒன்று உருவானதன் தொடக்கமாக இதைக் கொள்ளலாம்.

பின்னர் இவ்வலுவலகம், கருவூலத் துறையின் மேற்பார்வைக் கட்டிடக்கலைஞர் அலுவலகம் என்ற பெயரில் வளர்ந்தது. கட்டிடங்களின் பாணி பெரும்பாலும் அப்பதவியில் இருந்தவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 1866 முதல் 1874 வரை பதவியில் இருந்த ஆல்பிரட் மல்லட், பிரான்சில் தோன்றிய இரண்டாம் பேரரசுப் பாணியை விரும்பினார். வெள்ளை மாளிகைக்கு அருகில் உள்ள, இன்று ஐசனாவர் நிர்வாக அலுவலகக் கட்டிடம் எனப்படும் பெரிய கட்டிடம் இவர் வடிவமைத்ததாகும். 1897 முதல் 1912 வரை பதவியில் இருந்த சேம்சு நாக்சு டெய்லர், கிரேக்க, உரோமக் கட்டிடக்கலையை அடிப்படையாகக் கொண்ட செந்நெறிப் பாணிக்கு முதன்மை அளித்தார்.

அரசு அலுவலகமே எல்லாக் கட்டிடங்களையும் வடிவமைப்பதைத் தனியார் கட்டிடக்கலைஞர்கள் எதிர்த்துவந்தனர். இதன் விளைவாக, போட்டிகளின் மூலம் தனியாரைத் தெரிவு செய்ய வழிசெய்யும் தார்சினி சட்டம் 1893 இல் நிறைவேறியது. எனினும் 1897 ஆம் ஆண்டிலேயே இது நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் கீழ் நடைபெற்ற போட்டியொன்றில் வென்ற காசு கில்பர்ட், நியூ யார்க் நகரின் சுங்கச் சாவடியை வடிவமைத்தார். 1912 இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. 1926 ஆம் ஆண்டின் பொதுக் கட்டிடச் சட்டத்தைத் தொடர்ந்து தலைநகர் வாசிங்டனில் எழுந்த "நடுவண் முக்கோணம்" என்னும் கட்டிடத் தொகுதி, செந்நெறிப் பாணியின் உச்சமாகக் கருதப்படுகிறது.

1962 ஆம் ஆண்டின் வழிகாட்டிக் கொள்கைகள்

1961 இல் குடியரசுத் தலைவர் சான் எஃப். கென்னடியின் அரசு கடுமையான அலுவலக இடப் பற்றாக்குறையை எதிர்கொண்டது. இதை ஆராயத் தொழிலாளர் துறைச் செயலர் ஆர்தர் கோல்ட்பர்க்கின் தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கோல்ட்பர்க்கின் உதவியாளராக இருந்தவரும் பிற்காலத்தில் நியூ யார்க் மாநிலத்தின் செனட்டராகப் பணியாற்றியவருமான டானியல் பாட்ரிக் மொய்னிகன், 1962 சூன் 1 ஆம் தேதி வெளியான இக்குழுவின் அறிக்கைக்காக "நடுவண் அரசுக் கட்டிடக்கலைக்கான வழிகாட்டிக் கொள்கைகள்" என்னும் சிறு பகுதியை எழுதினார். இது சட்டம் அன்று. எனினும், அதற்குப் பிந்திய அரை நூற்றாண்டு முழுவதும் அரசுக் கட்டிடங்கள் குறித்த எல்லா விவாதங்களும் இதையே சுற்றி நிகழ்ந்துள்ளன.

இக்கொள்கைகளின் சாரம் பின்வருமாறு:

- அரசுக் கட்டிடங்கள் பயனுள்ளனவாகவும் சிக்கனமானவையாகவும் இருப்பதோடு, அரசின் கண்ணியம், முனைப்பு, ஆற்றல், நிலைபேறு ஆகியவற்றை வெளிப்படுத்த வேண்டும். சமகால அமெரிக்கக் கட்டிடக்கலைச் சிந்தனையின் சிறந்த கூறுகளையும், அந்தந்த வட்டாரத்தின் மரபையும் கருத்தில் கொள்ள வேண்டும். பொருத்தமான இடங்களில் கலைப்படைப்புக்கள் இடம்பெற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியனவாகவும் அமைய வேண்டும்.
- அதிகாரபூர்வமான பாணி ஒன்று உருவாவதைத் தவிர்க்க வேண்டும். வடிவமைப்பு, கட்டிடக்கலைத் துறையிடமிருந்து அரசுக்கு வரவேண்டுமேயன்றி அரசிடமிருந்து அத்துறைக்குச் செல்லக்கூடாது. ஒரே மாதிரித் தன்மையைத் தவிர்ப்பதற்காக அரசு கூடுதல் செலவை ஏற்கவும் தயாராக இருக்க வேண்டும்.
- கட்டிடம் அமையும் இடத்தைத் தெரிவு செய்வதே வடிவமைப்பின் முதற் படியாகும். சுற்றியுள்ள தெருக்களையும் பொது இடங்களையும் கருத்தில் கொண்டு இது செய்யப்பட வேண்டும்.

இவற்றுள் இரண்டாவது கொள்கையே மிகுதியாக விவாதிக்கப்பட்டது. எந்தப் பாணியையும் கட்டளையிடுவதில்லை என்பதையே அது ஒரு தரமாக முன்வைத்தது. ஆனால், முதற் கொள்கையில் "சமகால" என்ற சொல் இடம்பெற்றிருப்பது நவீனத்துவத்துக்குச் சார்பானது என்று எதிர்ப்பாளர்கள் பிற்காலத்தில் வாதிட்டனர்.

1960 களிலும் 1970 களிலும் கட்டப்பட்ட பல நடுவண் அரசுக் கட்டிடங்கள் நவீன பாணியில் அமைந்தன. மீசு வான் டெர் ரோ வடிவமைத்த சிக்காகோ நடுவண் மையம் இவற்றுள் பெரிதும் போற்றப்படும் ஒன்று. அதன் முற்றத்தில் அலெக்சாண்டர் கால்டரின் "ஃபிளமிங்கோ" என்னும் சிவப்பு நிற எஃகுச் சிற்பம் 1974 இல் நிறுவப்பட்டது. மார்செல் புரூவர் வடிவமைத்து 1968 இல் வாசிங்டனில் நிறைவுற்ற வீட்டுவசதித் துறைத் தலைமையகமும், 1975 இல் திறக்கப்பட்ட நடுவண் புலனாய்வுச் செயலகத்தின் எட்கர் ஊவர் கட்டிடமும், மூடப்படாத கான்கிரீட் பரப்புக்களைக் கொண்ட புரூட்டலிசப் பாணிக்கு எடுத்துக்காட்டுகள். இவ்விரண்டும் பொதுமக்களாலும் அவற்றில் பணிபுரிந்தோராலும் கடுமையாக விமர்சிக்கப்பட்டன.

அணுகுதிறன் தரங்கள்

1962 ஆம் ஆண்டின் கொள்கைகளில் மாற்றுத்திறனாளிகள் பற்றிய குறிப்பு ஒரே ஒரு தொடராகவே இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் இது தொடர்பான முதல் தேசியத் தரம் வெளியாகியிருந்த போதும் அதைப் பின்பற்றுவது கட்டாயமாக இருக்கவில்லை. அலாஸ்கா மாநிலச் செனட்டர் பார்ட்லெட்டிடம் உதவியாளராக இருந்த இயூ கல்லகர், இளம்பிள்ளைவாத நோயினால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். படிக்கட்டுக்களால் தலைநகரின் பொதுக் கட்டிடங்களுக்குள் நுழைய முடியாத தமது அனுபவத்தின் அடிப்படையில் அவர் ஒரு சட்டத்துக்காக உழைத்தார். 1968 ஆம் ஆண்டின் கட்டிடக்கலைத் தடைகள் சட்டம் இவ்வாறு உருவானது. நடுவண் அரசு கட்டும், மாற்றியமைக்கும் அல்லது வாடகைக்குப் பெறும் கட்டிடங்கள் மாற்றுத்திறனாளிகளால் அணுகக்கூடியனவாக இருக்க வேண்டும் என்பதை இது கட்டாயமாக்கியது.

சட்டம் இருந்தும் பல துறைகள் அதை மதிக்காததால், கண்காணிப்பதற்காக 1973 இல் தனி வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. 1984 இல் ஒரே சீரான அணுகுதிறன் தரங்கள் வெளியாயின. 2004 இல் இவை திருத்தப்பட்டன. பொதுச் சேவைகள் நிர்வாகம் 2006 மே மாதம் முதல் புதிய தரங்களைப் பின்பற்றத் தொடங்கியது. இத்தரங்கள் எண்களால் வரையறுக்கப்பட்டவை. எடுத்துக்காட்டாக, சாய்தளம் 1 அலகு உயர்வதற்குக் குறைந்தது 12 அலகு நீளம் கொண்டிருக்க வேண்டும். கதவுகளின் தடையற்ற அகலம் குறைந்தது 32 அங்குலம் இருக்க வேண்டும். செந்நெறிக் கட்டிடங்களின் சிறப்பு அடையாளமான உயர்ந்த வாயிற் படிக்கட்டுக்களும், நவீன கட்டிடங்களின் உயர்மேடை முற்றங்களும் இதனால் ஒருசேரக் கேள்விக்கு உள்ளாயின.

பாதுகாப்புத் தரங்கள்

தாக்குதலைக் கருத்தில் கொண்ட வடிவமைப்பு முதலில் தூதரகங்களிலேயே தொடங்கியது. எட்வர்டு துரெல் இசுட்டோன் வடிவமைத்து 1959 இல் திறக்கப்பட்ட புது தில்லித் தூதரகம், இந்தியக் கட்டிடக்கலையின் துளையிட்ட சாளரத் திரைகளை நினைவூட்டும் சுவர்களுடன், திறந்த தன்மையின் சின்னமாகக் கட்டப்பட்டது. 1983 இல் பெய்ரூட் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட பின் நிலைமை மாறியது. இதை ஆராய்ந்த இன்மன் குழு 1985 இல் தனது அறிக்கையை அளித்தது. புதிய தூதரகங்கள் தெருவிலிருந்து 100 அடி தள்ளி அமைய வேண்டும் என்பது இதன் பரிந்துரைகளுள் ஒன்று.

உள்நாட்டுக் கட்டிடங்களுக்கு இத்தகைய பொதுத் தரம் எதுவும் இருக்கவில்லை. 1995 ஏப்ரல் 19 ஆம் தேதி, ஓக்லகோமா நகரில் இருந்த ஒன்பது மாடி ஆல்பிரட் முர்ரா நடுவண் கட்டிடத்தின் முன் நிறுத்தப்பட்ட சுமையுந்தில் இருந்த குண்டு வெடித்து 168 பேர் இறந்தனர். இவர்களுள் 19 பேர் குழந்தைகள். அவர்களில் 15 பேர் அக்கட்டிடத்தில் இயங்கிய குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் இருந்தவர்கள்.

இறப்புக்களிற் பெரும்பாலானவற்றுக்கு வெடிப்பைக் காட்டிலும் கட்டிடம் இடிந்து விழுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. நுழைவுப் பகுதியை அகலமாகத் திறந்துவைப்பதற்காக, மேல் மாடிகளில் 20 அடிக்கு ஒன்றாக இருந்த தூண்கள், மூன்றாம் மாடி மட்டத்தில் ஒரு பெரிய உத்தரத்தின் மீது நிறுத்தப்பட்டிருந்தன. அவ்வுத்தரத்தை 40 அடிக்கு ஒன்றாக இருந்த தூண்கள் தாங்கின. கீழ்த் தூண்கள் சில முறிந்ததும் உத்தரம் விழுந்து, அதன் மேல் இருந்த மாடிகள் அனைத்தும் சரிந்தன. ஓரிடத்தில் ஏற்படும் சேதம் பரவி, அதற்குத் தொடர்பற்ற அளவில் பெரிய அழிவை உண்டாக்கும் இந்நிகழ்வு "தொடர் இடிவு" எனப்படுகிறது. கட்டிடம் கட்டப்பட்ட காலத்து விதிகளின்படி இவ்வமைப்பில் குறை எதுவும் இல்லை. எனினும், நிலநடுக்கப் பகுதிகளில் வழக்கில் உள்ள முறையில் கான்கிரீட்டில் கம்பிகள் இடப்பட்டிருந்தால் இடிந்த பரப்பு பெரிதும் குறைந்திருக்கும் என ஆய்வாளர்கள் கருதினர்.

இதைத் தொடர்ந்து பின்வரும் மாற்றங்கள் ஏற்பட்டன:

- 1995 சூனில் நீதித் துறை வெளியிட்ட ஆய்வு, நடுவண் அரசுக் கட்டிடங்களை ஐந்து பாதுகாப்பு நிலைகளாகப் பிரித்து, 52 குறைந்தபட்சத் தரங்களைப் பரிந்துரைத்தது.
- அதே ஆண்டு அக்டோபர் 19 இல், குடியரசுத் தலைவர் பில் கிளின்டனின் ஆணையினால் துறைகளுக்கிடையேயான பாதுகாப்புக் குழு நிறுவப்பட்டது. பின்னர் இக்குழு புதிய கட்டிடங்களுக்கான வடிவமைப்பு அளவுகோல்களை வெளியிட்டது.
- வாகனங்கள் கட்டிடத்தை நெருங்காதவாறு இடைவெளி விடுதல், தடுப்புக் கட்டைகள் நாட்டுதல், சிதறிப் பறக்காத கண்ணாடி பொருத்துதல், ஒரு தூண் அகற்றப்பட்டாலும் மீதி நிற்கும்படி அமைத்தல் என்பன வடிவமைப்பின் பகுதியாயின.

முர்ரா கட்டிடத்துக்கு மாற்றாக அதே நகரில் கரோல் ராசு பார்னி வடிவமைத்த புதிய நடுவண் கட்டிடம் 2004 இல் திறக்கப்பட்டது. இத்தரங்களுக்கு அமைந்த கட்டிடமும் மக்கள் அச்சமின்றி வந்து செல்லும் இடமாக இருக்க முடியும் என்பதைக் காட்டும் முயற்சியாக அது அமைந்தது. தடுப்புக்களும் சோதனைச் சாவடிகளும் அரசுக் கட்டிடங்களைக் கோட்டைகளாக மாற்றிவிடும் என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. வழிகாட்டிக் கொள்கைகளை எழுதிய மொய்னிகனும் இவ்வச்சத்தை வெளியிட்டவர்களுள் ஒருவர்.

நிலநடுக்கமும் ஆற்றலும்

நடுவண் அரசின் கட்டிடங்கள் பொதுவாக உள்ளூராட்சிகளின் கட்டிட விதிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆகவே அரசு தனக்குத் தானே தரங்களை விதித்துக்கொள்ள வேண்டியுள்ளது. 1988 இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் ஒன்று, தேசிய அளவில் ஏற்கப்பட்ட மாதிரிக் கட்டிட விதிகளை இயன்றவரை பின்பற்றுமாறு பணித்தது.

1989 இல் கலிபோர்னியாவின் லோமா பிரீட்டா நிலநடுக்கத்துக்குப் பின், 1990 சனவரியில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, புதிய நடுவண் அரசுக் கட்டிடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுவதைக் கட்டாயமாக்கியது. 1994 ஆம் ஆண்டின் ஆணை இதைப் பழைய கட்டிடங்களுக்கும் விரிவுபடுத்தியது. 2016 இல் வெளியான புதிய ஆணை இவ்விரண்டுக்கும் மாற்றாக அமைந்தது. டெய்லரின் காலத்தில் கட்டப்பட்டு 1905 இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிசுக்கோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1989 ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. அதன் அடித்தளத்துக்கும் மேற்கட்டுமானத்துக்கும் இடையே, நிலத்தின் அதிர்வைக் கட்டிடத்துக்குக் கடத்தாமல் சறுக்கும் ஏந்திகள் பொருத்தப்பட்டன. செந்நெறித் தோற்றம் மாறாமலே ஒரு கட்டிடத்தின் பாதுகாப்பை உயர்த்த முடியும் என்பதற்கு இது சான்று.

2007 ஆம் ஆண்டின் ஆற்றல் சுதந்திரம், பாதுகாப்புச் சட்டம், புதிய நடுவண் அரசுக் கட்டிடங்களில் நிலக்கரி, எண்ணெய் முதலிய புதைபடிவ எரிபொருட் பயன்பாட்டை 2030 ஆம் ஆண்டளவில் முற்றாக நீக்கும் இலக்கை விதித்தது. இதை நடைமுறைப்படுத்துவதற்கான விதிகள் பல ஆண்டுகள் இழுபறியில் இருந்தன.

வடிவமைப்பு மேன்மைத் திட்டம்

1990 களின் தொடக்கத்தில் அரசு பல நீதிமன்றங்களைக் கட்டத் திட்டமிட்டது. அக்காலத்தில் கட்டிடக்கலை நிறுவனங்கள் பெரும்பாலும் நிர்வாக அனுபவத்தை எடுத்துக்கூறும் பருமனான விண்ணப்பங்களின் அடிப்படையிலேயே தெரிவாகின. 1994 இல் பொதுச் சேவைகள் நிர்வாகம் வடிவமைப்பு மேன்மைத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி, முதன்மை வடிவமைப்பாளரின் திறமை முதலில் மதிப்பிடப்பட்டது. துறைசார்ந்த தனியார் வல்லுநர்கள் தெரிவிலும் வரைபட மதிப்பீட்டிலும் பங்குகொண்டனர். நிர்வாகத்தின் கட்டிடக்கலைஞரான எட்வர்டு ஃபைனர் இதற்குத் தலைமை தாங்கினார்.

பாசுட்டனில் என்றி காப் வடிவமைத்து 1998 இல் நிறைவுற்ற நீதிமன்றம் இத்திட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்தது. நீதிபதிகளான இசுட்டீபன் பிரேயரும் டக்ளசு உட்லாக்கும் அதன் வடிவமைப்பில் நேரடியாக ஈடுபட்டனர். இத்திட்டக் காலத்துக் கட்டிடங்கள் ஒரே பாணியைச் சேர்ந்தவை அல்ல. தாம் மேய்ன் வடிவமைத்து 2007 இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிசுக்கோ நடுவண் கட்டிடம் துளையிட்ட உலோகத் திரையால் போர்த்தப்பட்டது. 2011 இல் அலபாமாவின் டசுக்கலூசாவில் திறக்கப்பட்ட நடுவண் கட்டிடம் கிரேக்கத் தூண்களுடன் செந்நெறிப் பாணியில் அமைந்தது.

தொழில்நுட்பத் தேவைகள் அனைத்தும் "பி-100" என அறியப்படும் வசதித் தரக் கையேட்டில் தொகுக்கப்படுகின்றன. இது காலத்துக்குக் காலம் திருத்தப்படுகிறது.

பாணி குறித்த ஆணைகள், 2020 - 2025

2020 டிசம்பர் 18 இல் குடியரசுத் தலைவர் டோனால்ட் டிரம்ப் பிறப்பித்த ஆணை, 1962 ஆம் ஆண்டின் கொள்கைகளால் உருவான கட்டிடங்கள் பலவற்றை மக்கள் விரும்பவில்லை எனக் கூறியது. தலைநகர்ப் பகுதியில் செந்நெறிப் பாணியே இயல்பான தெரிவாக இருக்க வேண்டும் என்றும், பிற இடங்களில் நீதிமன்றங்கள், துறைத் தலைமையகங்கள், 5 கோடி டாலருக்கு மேற்பட்ட கட்டிடங்கள் ஆகியவற்றில் செந்நெறி, மரபுப் பாணிகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் அது கூறியது. புரூட்டலிசம், கட்டவிழ்ப்புவாதம் முதலியவற்றை ஏற்பதாயின் முன்கூட்டியே குடியரசுத் தலைவருக்கு அறிவிக்க வேண்டும் எனவும் விதித்தது. இதில் செந்நெறிப் பாணி என்பது ஆர்ட் டெக்கோவையும் உள்ளடக்குமாறு வரையறுக்கப்பட்டிருந்தது.

அடுத்த குடியரசுத் தலைவரான சோ பைடன் 2021 பெப்ரவரி 24 இல் இவ்வாணையை நீக்கினார். 2025 சனவரியில் மீண்டும் பதவியேற்ற டிரம்ப், முதல் நாளிலேயே இது தொடர்பான குறிப்பாணை ஒன்றை வெளியிட்டு, அதே ஆண்டு ஆகத்து 28 இல் முந்தியதைப் பெரிதும் ஒத்த ஆணையைப் பிறப்பித்தார்.

ஆதரிப்போர், கட்டிடத்துக்கு வரி செலுத்துவோரும் அதை நாள்தோறும் பார்ப்போரும் பொதுமக்களே என்பதால், அவர்களின் விருப்பம் வல்லுநர்களின் விருப்பத்தைவிட முதன்மையானது என்கின்றனர். குடிமக்கள் கலைக்கான தேசியச் சங்கம் இவர்களுள் முக்கியமானது. எதிர்ப்போர், செந்நெறிப் பாணியில் குறை காணவில்லை. அரசு ஒரு பாணியைக் கட்டளையிடுவதையே எதிர்க்கின்றனர். வட்டாரத்தின் தட்பவெப்பம், மரபு, கட்டிடத்தின் பயன்பாடு என்பவற்றுக்கு ஏற்ப வடிவமைக்கும் உரிமை இதனால் குறையும் என்பது அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் நிறுவனத்தின் நிலைப்பாடு ஆகும்.

மாற்றங்களின் தன்மை

சாய்தளத்தின் சரிவு, தெருவிலிருந்து விடவேண்டிய இடைவெளி, தூணொன்று முறிந்தாலும் மாடி நிற்க வேண்டும் என்னும் விதி ஆகியவை அளக்கக்கூடியவை. இவற்றின் பின்னால் குறிப்பிட்ட மனிதர்களின் இழப்போ விலக்கமோ உள்ளது. பாணி பற்றிய ஆணைகள் வந்தும் போயும் உள்ள காலத்தில் இவை எந்த ஆட்சியிலும் கைவிடப்படவில்லை. டசுக்கலூசாவின் தூண்களுக்குப் பின்னாலும் சான் பிரான்சிசுக்கோவின் உலோகத் திரைக்குப் பின்னாலும் இருப்பவை ஒரே அணுகுதிறன், பாதுகாப்புத் தரங்களே.

பாணி பற்றிய நெறிகளுக்கு இத்தகைய பொது அளவுகோல் இல்லை. 1962 ஆம் ஆண்டின் கொள்கைகள் கண்ணியம், நிலைபேறு ஆகிய பண்புகளைக் கேட்டன. அவற்றின் வடிவத்தைக் கூறாமல் விட்டன. அந்த வடிவத்தை முடிவு செய்யும் உரிமை கட்டிடக்கலைஞருக்கா, பொதுமக்களுக்கா, ஆட்சியாளருக்கா என்பதே 1893 ஆம் ஆண்டின் தார்சினி சட்டம் முதல் 2025 ஆம் ஆண்டின் ஆணை வரை தொடரும் விவாதமாகும்.